தாய்மாமன் வெட்டிய மண்

பிளாக்டவுன்,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி விக்னராஜாவுக்கு,

வருசப்பிறப்பும் அதுவுமாக உனக்கு எழுதுகிறேன். நான் சுகம். உன் அத்தான் முழங்காலைத் தவிர மற்றப்படி சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, வவுனியாவில் தர்ஷனாவும் ராகவியும் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆவல். போனில் கேட்கலாம்தான். நான் கத்த, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள்; உனக்கு மட்டும் கேட்காது. ஷெல்லடியில் இடது காது போனது, இப்போது வலதும் மந்தம். நீ கப்பலில் வந்து இறங்கியதும் உன்னை இங்கே முகாமில் அடைத்து வைத்திருந்த காலத்தில் எழுதிப் பழகினோம். அப்படியே இருக்கட்டும்.

சந்தோசமான செய்தி. தனோஜனும் பிரவீணாவும் உன் ஊர் வெரிபீயில் காணி வாங்கிவிட்டார்கள். எங்கே தெரியுமா? போன வருடம் நீ மண் வெட்டுகிற பெக்கோ மெஷின் ஓட்டி மண் தள்ளிய அதே புதுக் குடியிருப்பில். தெருக்களுக்கெல்லாம் குருவிகளின் பெயராம். "எங்கட மாமா வெட்டின மண்ணம்மா" என்று என் மகன் பெருமையாகச் சொன்னான். மருமகள் கோயம்புத்தூர்க்காரி அல்லவா, அவள் தன் பாட்டுக்கு, "மாமா கை வச்ச இடம் நல்லா இருக்கும் அத்தை" என்கிறாள்.

ஆனி மாதம் அத்திவாரத்துக்கு நாட்கல் வைக்கிறோம். நம் வழக்கப்படி தாய்மாமன்தான் முதல் மண்ணை வெட்டிக் கல்லை இறக்க வேண்டும். நீ அங்கேயே இருக்கிறாய். சாட்டுச் சொல்ல வழியில்லை. காணி மண்ணில் ஒரு பிடியை தனோஜன் எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தான். கோயிலில் அர்ச்சனை செய்து சாமி அறையில் வைத்திருக்கிறேன். பால் காய்ச்சி வீடு குடிபூரும் வரை அது அங்கேதான்.

நீ குடியுரிமைச் சோதனையில் பாஸ் என்று கேட்டு உன் அத்தான்கூட ரீவியை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். இங்கே கவுன்சில் விழாக்களில் புதுக் குடிமக்களுக்குச் சின்னக் கொடி கொடுப்பது நான்தான், உனக்குத் தெரியும். உன் விழா எப்போது வந்தாலும் பறந்து வந்து உன் கையில் கொடியை நானே தருவேன். பிறகு மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். ராகவியை இரண்டு வயதில் விட்டு வந்தாய். இப்போது உன் தோளுக்கு வந்திருப்பாள்.

அன்புடன் அக்கா,
யோகராணி

*

வெரிபீ,
19 மே 2024

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். தர்ஷனாவுக்குக் கொஞ்சம் பிரஷர், ராகவி நல்லாகப் படிக்கிறாள். அத்தானின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிப் பாருங்கள்.

காணி வாங்கியது சந்தோசம். நாட்கல்லுக்கு நான் வர முடியுமோ தெரியவில்லை. இப்போது சனி, ஞாயிறும் வேலை. பிரவீணாவின் அண்ணனை வைத்துச் செய்யலாம்.

காணி எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே. பெரிய றோட்டுப் பக்கமா, ஓடைப் பக்கமா? ஓடைப் பக்கம் என்றால், மாற்றித் தருவார்களா என்று தனோஜனைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே நிலம் ஈரம். சுவர் வெடிக்கும். வேறொன்றுமில்லை.

கிண்ணத்து மண்ணைச் சாமி அறையில்தான் வைக்க வேண்டுமா? வெளியில் வைத்தாலும் போதும்.

தம்பி,
விக்னராஜா

*

பிளாக்டவுன்,
2 ஜூன் 2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன், பிறகுதானே உன் காதைப் பிடித்து முறுக்கலாம்.

தாய்மாமன் உயிரோடு இருக்க, பெண்ணின் அண்ணனை வைத்துக் கல் வைப்பதா? சனம் என்ன கேட்கும்? கப்பல் ஏறி வந்தவன், படித்த குடும்பத்தோடு நிற்கக் கூச்சம் என்று உனக்கு மனதில் ஏதும் இருக்கிறதா? இருந்தால் அதை அந்த ஓடையிலேயே போட்டுவிடு. காணி ஓடைப் பக்கம்தான். பக்கத்தில் ஒரு பெரிய பழைய மரம் நிற்கிறதாம். தனோஜன் அந்த மரத்துக்காகவே வாங்கினான்.

நீ சொன்னது சரி, மண் ஈரம்தான். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஏப்ரலில் வைத்தது இன்னும் காயவில்லை. விரலை வைத்தால் குளிர்கிறது. அதைக் கிளறிவிட்டபோது ஒரு சின்ன வெள்ளைக் கல் வந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது, வழவழப்பு, ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கிறது. கடல் இல்லாத இடத்தில் சங்கின் பிஞ்சு போல இது எப்படி வந்தது என்று ஐயருக்கே அதிசயம். நல்ல சகுனம் என்றார். சாமித் தட்டில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பொட்டு வைக்கிறேன். தனோஜனின் கைக்குழந்தை, பேத்தி ஸ்ருதியின் கண்ணுக்கு அது எப்படியோ படுகிறது. அந்த அறைக்குள் தூக்கிக்கொண்டு போனால் அந்தத் தட்டைப் பார்த்தே சிரிக்கிறாள்.

வந்து சேர்.

அக்கா

*

பிளாக்டவுன்,
8 ஜூலை 2024

விக்னராஜாவுக்கு,

சுகம். உன் சுகம் தெரியவில்லை, நீ எழுதினால்தானே தெரியும்.

நாட்கல் வைத்தாகிவிட்டது. கடைசி நிமிடம் வரை உனக்காகக் கற்பூரத்தைக் கொளுத்தாமல் வைத்திருந்தேன். உன் வீடு அங்கிருந்து பத்து நிமிடம். பிரவீணாவின் அண்ணன்தான் செய்தார். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உன் அத்தான்கூடக் கேட்டார், "விக்னராஜாவுக்கு எங்களில என்ன கோவம்?" என்று.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று காற்று இல்லை, ஆனாலும் விளக்கு எரிந்து நிற்கவில்லை. நாலு தரம் ஏற்றினோம். கல்லை இறக்கியபோது குழிக்குள் நல்ல மணம் வந்தது, விறகுப் புகை மணம். அந்த வெளியில் யாரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. குருவிகளின் பெயர் வைத்த தெருவில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

உனக்கு ஏதோ தெரியும். அதை எழுது.

அக்கா

*

வெரிபீ,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடக்கின்றன. உங்கள் சுகம் கேட்டு எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. கோபம் நியாயம்தான்.

அந்தக் கல்லுக்கு இனிப் பொட்டு வைக்காதீர்கள். அது கல் இல்லை, அக்கா. பால்பல்.

போன வருடம் ஒக்டோபரில் அந்தப் பெரிய மரத்துக்குப் பக்கத்தில் மேல்மண் வழித்துக்கொண்டிருந்தேன். வேலை தொடங்கமுன் மேற்பார்வை பார்க்கிற போர்மன் எங்களை வட்டமாக நிறுத்தி, இந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை செலுத்துகிறோம் என்ற வசனத்தை வழக்கம் போல வாசித்தான். தேநீர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெக்கோ வாளியில் எலும்பு வந்தது. ஒன்றல்ல. பெரியதும் சின்னதும் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றன் மேல் ஒன்று. இறங்கிப் பார்த்தேன். மரியாதையாகப் படுக்க வைத்த எலும்பும் குழியில் அள்ளிப் போட்ட எலும்பும் ஒரே மாதிரி இருக்காது. வன்னியில் கடைசி மாதங்களில் நான் இரண்டையும் கண்டவன். இது போட்டது. அதிலும் பிள்ளைகள் கனபேர்.

போர்மனைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து கனநேரம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பழைய செம்மறி, முன்னம் இது பண்ணை, நீ வேலையைச் செய் என்றான். செம்மறிக்கு அப்படி மண்டையோடு இல்லை என்று அவனுக்கும் தெரியும். எனக்கு அந்த வருடத் தொடக்கத்தில்தான் நிரந்தர விசா வந்திருந்தது. வாய் திறந்தால் குடியுரிமைக்கு ஏதும் கரைச்சல் வருமோ என்று பயந்தேன். ராகவியின் முகம்தான் முன்னால் வந்தது. ஏறி இருந்து வேலையைச் செய்தேன்.

சண்டையில் செத்த எங்கள் தம்பி சிறியின் கல்லறையை ஊரில் ஆமிக்காரர் புல்டோசர் போட்டுத் தள்ளினார்களே, அதை ஓட்டியவன் எப்படிப்பட்ட மனிதன் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். அவனுக்கு ஒரு கொடூர முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். இப்போது தெரியும், அக்கா. வீட்டில் பிள்ளை இருக்கிற ஒரு சம்பளக்காரன்.

தனோஜனுக்கு நான் எப்படி முதல் மண் வெட்டுவது? நான்தான் வெட்டிவிட்டேனே.

பொலிசுக்குச் சொல்லப் போகிறேன். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

விக்னராஜா

*

பிளாக்டவுன்,
10 செப்டம்பர் 2024

தம்பி,

உன் கடிதத்தைக் குசினியில் நின்றபடி வாசிக்கத் தொடங்கினேன். முடிக்கும்போது கதிரையில் இருந்தேன். சுகமாக இரு, அதற்கு மேல் என்ன கேட்பது.

நீ வாய் திறக்கக் கூடாது. நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் நான் நடுங்குவதைக் கண்ட ஒரு வெள்ளைக்கார மனிசி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள். பேர்கூடத் தெரியாது. சொந்த நாட்டில் எங்கள் வீட்டை எரித்தார்கள். இங்கே எனக்கு உடுப்புத் தந்தார்கள். இந்த நாட்டை ரீவியில் யாரும் குறை சொன்னால் நான் எழும்பிப் போய்விடுவேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. வெள்ளையர் மட்டும் என்று சட்டமே வைத்திருந்தவர்கள், பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிடுங்கியவர்கள், எல்லாம் தெரியும். ஆனால் அது அவர்கள் செய்தது. நாங்கள் நேற்று வந்தவர்கள். அவர்களுடைய பாவத்தில் எங்களுக்கும் பங்கு கேட்கிறாயா?

தனோஜன் வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள். நீ சொன்னால் வேலை நிற்கும். உன் விழாவும் நிற்கலாம். ராகவிக்கு அப்பா வேண்டும், தம்பி. பேப்பர் கைக்கு வரட்டும், பிறகு யோசிக்கலாம். இது அக்காவின் கட்டளை என்று வைத்துக்கொள்.

தட்டிலிருந்து அதை எடுத்துவிட்டேன். எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். கிண்ணத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் சாமி அறைப் பாய் பின்னேரங்களில் நனைந்திருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளை இருந்தெழும்பின அளவுக்கு.

அத்தானுக்கு நான் சொல்லவில்லை.

அக்கா

*

வெரிபீ,
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னபடி பேசாமல் இருக்கிறேன். உடம்பு சுகம். ஜனவரி 26, இந்த நாட்டின் தேசிய தினத்தன்று, எனக்குக் குடியுரிமை விழா என்று கடிதம் வந்துவிட்டது.

திரும்பவும் அதே இடத்தில்தான் வேலை. முடிந்த வீடுகளுக்கு முற்றம் சரி பார்க்கிற வேலை. மத்தியானம் அந்த மரத்தடியில் இருந்து சாப்பிடுகிறேன். சாப்பிடும்போது வலது காதிலிருக்கிற மெஷினைக் கழற்றி வைத்துவிடுவேன். அப்போது எனக்கு ஒன்றும் கேட்காது என்று உங்களுக்குத் தெரியும்.

இடது காதில் கேட்கிறது, அக்கா. செத்த காதில். பொம்பிளைகள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். மொழி தெரியவில்லை, ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எந்த மொழியிலும் விளங்கும்தானே. ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறார்கள், பதிலுக்கு. பிறகு அடுத்த பெயர்.

எனக்குப் பயமாக இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

தம்பி

*

பிளாக்டவுன்,
12 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

புதுவருட வாழ்த்து. அத்தானுக்கு முழங்காலில் ஒப்பரேசன், அதனால் உன் விழாவுக்கு வர முடியாமல் போய்விட்டது. உன்னை நினைத்து அழுதேன், சந்தோசத்தில்தான். பட்டு வேட்டி கட்டு. சிரித்துக்கொண்டு படம் எடு, வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும். கொடியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்தத் துணி முடிச்சை தனோஜனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கோயில் திருநீறு என்று சொல்லியிருக்கிறேன். ஓடையில் விட்டுவிடு. அதோடு முடியட்டும்.

உன் காதுக்கு டொக்டரைப் பார்.

அக்கா

*

வெரிபீ,
29 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

அத்தான் சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தனோஜன் சொன்னான், நிம்மதி.

நான் இந்த நாட்டுக் குடிமகன். வேட்டி கட்டித்தான் போனேன். எல்லாரோடும் எழும்பி நின்று சத்தியம் சொன்னேன், தேசிய கீதமும் பாடினேன். நடிக்கவில்லை, அக்கா. பன்னிரண்டு வருடம் நான் எந்த நாட்டுக்காரனும் இல்லை. மேயர் கை குலுக்கி, இனி இது உங்கள் நாடு என்றார். பக்கத்தில் நின்ற வியட்நாம்காரக் கிழவர் விம்மி விம்மி அழுதார்.

வெளியே வந்து வாகனத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். நேற்று வரை நான் விருந்தாளி. விருந்தாளி வீட்டு அறைகளைத் திறந்து பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மேயர் சொன்னது உண்மை என்றால் இனி அப்படிச் சொல்ல முடியாது.

வேட்டியோடேயே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். துணி முடிச்சை மேசையில் வைத்து அவிழ்த்துக் காட்டினேன்.

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். என்னோடு கோபிக்க வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

விக்னராஜா

*

பிளாக்டவுன்,
9 பெப்ரவரி 2025

விக்னராஜாவுக்கு,

வீடு குடிபூரல் ஏப்ரல் 20. நீ வர வேண்டாம்.

யோகராணி

*

வெரிபீ,
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது, காரணம் சொல்லவில்லை. ஆனால் தர்ஷனா, ராகவியின் விண்ணப்பத்துக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பயந்து செய்ததுதான் மிச்சம்.

போன கிழமை அதிகாரிகள் வந்தார்கள். பல் உண்மையானது, மிகப் பழையது என்றார்கள். அவர்களோடு அந்த நிலத்து ஆதிக்குடிகளின் வம்சத்தில் வந்த ஒரு வயதான அம்மா வந்திருந்தா. நான் காட்டிய இடத்தில் ஆழமாகத் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. வெறும் களிமண். ஓர் அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்த அம்மாதான் கேட்டா, "அங்கே இருந்த மண் எங்கே போனது?" என்று.

இதை நான் உங்களுக்கும் எழுதவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மேல்மண்ணை யாரும் எறிவதில்லை, அக்கா. வழித்து, குவித்து, சல்லடையில் அரித்து, வீடு கட்டி முடிந்ததும் முற்றங்களுக்குத் திருப்பிப் போடுவோம், புல் முளைக்க. அரிக்கிற மெஷினுக்குள் போனால் எலும்பு மாவாகிவிடும். போன வருடக் கடைசியில் அந்தக் குவியல் முழுவதையும் குருவித் தெருக்கள் எல்லாவற்றிலும் பரப்பியது நான்தான். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு சாண் ஆழத்துக்கு. தனோஜன் வீட்டிலும்.

நான் கையை நீட்டித் தெருவைக் காட்டினேன். அந்த அம்மா நடைபாதையில் குந்தி இருந்து சப்பாத்தைக் கழற்றினா. வெறுங்காலோடு வாகனத்துக்கு நடந்து போனா.

விக்னராஜா

*

வெரிபீ,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ இருக்கும் ஊரிலிருந்தே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் அழுவேன், அழுதுகொண்டு சொன்னால் உனக்குக் கேட்காது. நான் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

குடிபூரல் நடந்தது. பால் நன்றாகப் பொங்கியது. இந்தக் கிழமை எல்லா வீடுகளுக்கும் அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது, ஆய்வு நடக்கிறது, முற்றத்தை ஆழமாகத் தோண்ட வேண்டாம் என்று. தனோஜன் வாசித்தான், மடித்து எங்கேயோ வைத்தான். பிரவீணாவும் கேட்கவில்லை. தெருவில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. பின்னேரமானால் எல்லாரும் வெளியே வந்து புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அன்சாக் நாள். தெரு முழுக்கக் கொடி. போரில் இறந்தவர்களை மறக்க மாட்டோம் என்று எதிர்வீட்டு வாசலில் எழுதியிருந்தது. நானும் இங்கே ஒரு கொடி கட்டினேன். கட்டும்போது யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இது என் நாடு என்றுதான் கட்டினேன். அப்போதுதான் உனக்கு நான் எழுதியது ஞாபகம் வந்தது, அது அவர்கள் செய்தது என்று. கொடி என்னுடையது, முற்றம் மட்டும் அவர்களுடையதா? எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பி. உன்னை வர வேண்டாம் என்று எழுதிய கையால்தான் அந்தக் கயிற்றையும் முடிந்துகொண்டிருந்தேன்.

நான் திரும்பிப் பார்க்க, ஸ்ருதி படியிலிருந்து இறங்கிவிட்டாள். இன்னும் நடக்கத் தொடங்காத பிள்ளை. புல்லின் நடுவில் எழும்பி நின்று, யாரோ முன்னால் குந்தி இருந்து கூப்பிடுகிற மாதிரி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தாள். அங்கே யாரும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். "பாருங்க அத்தை, நடக்கிறா" என்று பிரவீணா படம் பிடித்தாள். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன்.

தூக்கிய பிறகு எங்கே இறக்கி விடுவதென்று தெரியவில்லை. நடைபாதை ஓரமாக அந்தத் தெரு முழுக்க நடந்தேன். அடுத்த தெருவுக்கும் போனேன். எல்லா வாசலிலும் புல் நல்ல பச்சை. அன்றிலிருந்து அவளை வெளியில் விடவில்லை. அவள் வாசல் பக்கமே கையை நீட்டி இழுக்கிறாள். இது என்ன மண் என்று தனோஜனுக்கும் பிரவீணாவுக்கும் நான் சொல்ல வேண்டும். சொல்லுவேன். நீ வா, பக்கத்தில் இருந்தால் சொல்லுவேன்.

எழுத்துக் கோணலாக இருக்கும். ஒரு கையால் எழுதுகிறேன். மற்றக் கையில் பிள்ளை.

அக்கா